‘ஒரு’ என்னும் சிறு சொல்



லாபிஸ் நகரில் மொழியைப் பற்றிப் பேசுவது நமக்குத் தனி மகிழ்ச்சியைத் தருகிறது. தொடர்வண்டிப் பாதையும் பழைய நெடுஞ்சாலையும் செல்லும் இவ்வூரின் கடைத்தெருவை நடந்து கடப்பதற்குள் தமிழும் மலாயும் சீனமும் ஆங்கிலமும் நம் செவியில் விழுந்துவிடுகின்றன. பால்மரத்தையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் மும்மொழிகளில் எழுதிப் பழகுகிறார்கள். மொழிகள் இவ்வாறு அடுத்தடுத்து வாழும் இடத்தில் பெரிய சொற்களைவிடச் சின்னஞ்சிறு சொற்களே ஓசையின்றி இடம் மாறுகின்றன. அத்தகைய ஒரு சொல்லைத்தான் இன்று எடுத்துக்கொண்டோம். ஆங்கிலத்தின் ‘ஏ’, ‘ஆன்’ என்பனவும், அவற்றிற்கு நேராக நாம் வைக்கும் ‘ஒரு’ என்பதுமே இன்றைய பொருள்.

அண்மையில் ஒரு மாணவரின் மொழிபெயர்ப்புத் தாளைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ‘ஒரு நாய் ஒரு நன்றியுள்ள விலங்கு’, ‘என் தந்தை ஒரு ஓட்டுநர்’, ‘அவருக்கு ஒரு காய்ச்சல்’, ‘நகரம் ஒரு நாளில் உருவானதன்று’ என்று அம்மாணவர் எழுதியிருந்தார். ஐந்து இடங்களில் ‘ஒரு’ வந்திருந்தது. ஐந்தும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. முதல் நான்கும் அடிக்கத் தக்கனவே. ‘நாய் நன்றியுள்ள விலங்கு’, ‘என் தந்தை ஓட்டுநர்’, ‘அவருக்குக் காய்ச்சல்’ என்பதே தமிழ். ஆனால், ஐந்தாவதை அடித்தபின் எஞ்சியது என்ன? ‘நகரம் நாளில் உருவானதன்று’ என்னும் பொருளற்ற தொடர். மாணவர் வேண்டாத இடத்தில் சேர்த்தார். திருத்தியவர் வேண்டிய இடத்திலும் நீக்கினார். இருவர்க்கும் நேர்ந்த இடர் ஒன்றே. அச்சொல் எங்கே தொழில் செய்கிறது, எங்கே வெறுமனே நிற்கிறது என்பது பிரித்தறியப்படவில்லை.

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். பழைய ஆங்கிலத்தில் ‘ஒன்று’ என்னும் பொருள் தந்த எண்ணுப்பெயரே தேய்ந்து ‘ஆன்’ ஆயிற்று. மெய்யொலிக்கு முன் அதன் இறுதி னகர ஒலி உதிர்ந்து ‘ஏ’ ஆயிற்று. அந்த னகர ஒலி எங்கே முடிகிறது என்று அறியாமல் மக்கள் சொற்களையே மாற்றியதும் உண்டு. சமையலறையில் அணியும் ‘ஏப்ரன்’ என்பது முன்பு ‘நேப்ரன்’ ஆக இருந்தது. அதன் முதலொலியை முன்னிருந்த சிறு சொல் இழுத்துக்கொண்டது.

தமிழிலும் ‘ஒன்று’ என்னும் எண்ணுப்பெயரே பெயர்க்கு முன் ‘ஒரு’ எனவும், உயிர் முதலாகிய சொல்லுக்கு முன் ‘ஓர்’ எனவும் திரிகிறது. ஒரு நாள், ஓர் ஊர்; ஒரு மரம், ஓர் இலை. எண்ணுப்பெயர்ப் புணர்ச்சியைத் தொல்காப்பியம் குற்றியலுகரப் புணரியலில் விரித்துரைக்கிறது. மலாயில் ‘செ’ என்னும் முன்னொட்டும் ஒன்று என்பதன் சுருக்கமே. ஆளுக்குச் ‘செஓராங்’, விலங்கிற்குச் ‘செஏக்கோர்’, வீடு போன்றவற்றிற்குச் ‘செபுவா’ என்று அது வகைச்சொல்லோடு கூடி வரும். ஆக, மூன்று மொழிகளும் ஒன்று என்னும் எண்ணிலிருந்தே புறப்பட்டன. ஆயினும் சென்று சேர்ந்த இடங்கள் வேறு.

ஆங்கிலத்தில் எண்ணத்தக்க ஒருமைப் பெயர் பெரும்பாலும் தனித்து நிற்க இயலாது. அதன் முன்னே ஏதேனும் ஒரு சுட்டோ, எண்ணோ, உடைமைச் சொல்லோ, இந்த ‘ஏ’யோ நின்றாக வேண்டும். அது அம்மொழியின் இலக்கணக் கட்டாயம். தமிழ்ப் பெயர்க்கு அக்கட்டாயம் இல்லை. ‘நாய் குரைக்கிறது’ என்றால் போதும். ஆகவே, ஆங்கிலத்தில் ‘ஏ’ வருமிடமெல்லாம் தமிழில் ‘ஒரு’ வைப்பது, தேவையற்ற ஊன்றுகோலை நடக்கத் தெரிந்தவன் கையில் கொடுப்பதற்கு ஒப்பாகும். நம் பிள்ளைகளுக்கு இந்த நெருக்குதல் இருபுறமும் இருந்து வருகிறது. அவர் ஆசிரியர் என்பதை மலாயில் ‘டியா செஓராங் குரு’ என்று நாள்தோறும் படிக்கும் பிள்ளை, ‘அவர் ஒரு ஆசிரியர்’ என்று எழுதுவதில் வியப்பில்லை. அப்பிள்ளையைக் கடிந்துகொள்வதைவிடக் காரணத்தை விளக்குவதே நலம்.

இனி, ஆங்கிலச் சொல்லின் பிற பொருள்களைத் தமிழ் எவ்வாறு தாங்குகிறது எனக் காண்போம். கிலோ ஒன்றுக்குப் பத்து வெள்ளி என்பதை ஆங்கிலம் ‘ஏ’ கொண்டு கூறும். நம் சந்தையில் ‘கிலோ பத்து வெள்ளி’ என்றாலே முடிந்தது. இராமன் என்னும் பெயருடைய, முன்பின் அறியாத மனிதர் வந்தால், ஆங்கிலம் அப்பெயரின் முன்னேயே ‘ஏ’ சேர்க்கும்; தமிழோ ‘இராமன் என்று ஒருவர் வந்தார்’ எனப் பெயர்க்குப் பின்னே வைக்கும். ‘ஃபியூ’ என்றால் சிலரே உளர் என்னும் குறைபாடு; ‘ஏ ஃபியூ’ என்றால் சிலராவது உளர் என்னும் நிறைவு. ஆங்கிலத்தில் ‘ஏ’ செய்யும் இவ்வேலையைத் தமிழில் ஏகாரமும் ‘ஆவது’ என்பதும் செய்கின்றன. ஓரினப் பறவைகள் ஒருங்கு கூடும் என்னும் ஆங்கிலப் பழமொழியில் ‘ஏ’ என்பது ‘ஒரே’ என்னும் பொருள் தருகிறது. நாம் ‘ஒரு தாய் மக்கள்’ என்பதும், மலாயர் ‘செகம்போங்’ என்று ஒரே ஊரினரைக் குறிப்பதும் இதனோடு ஒத்த வழக்குகள்.

தமிழ் ‘ஒரு’ தனக்கென வளர்த்துக்கொண்ட செல்வம் இதனினும் பெரிது. ‘ஓர் ஊரிலே ஓர் அரசன் இருந்தான்’ என்று பாட்டி கதை தொடங்குகையில் அச்சொல் எண்ணுவதற்கு வரவில்லை. கேட்பவர் அறியாத ஆளை அவைக்கு அழைத்து வருகிறது. இரண்டாம் முறை அவனைக் குறிக்கையில் ‘அந்த அரசன்’ என்போம். ஆகவே, அறிமுகப்படுத்தும் ‘ஒரு’ ஆங்கிலத்திடம் கடன் பெற்றதென்று கூறுவார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை.

‘ஒரு பத்துப் பேர் வந்தார்கள்’ என்றால் ஒன்பது பேரும் இருக்கலாம், பன்னிருவரும் இருக்கலாம். உறுதியான எண்ணின் முன் நின்று அதன் உறுதியைத் தளர்த்துவது இச்சொல்லின் விந்தை. விருந்துக்குச் சமைப்பவர்க்கு இத்தளர்ச்சி உதவும். மருந்து உண்பவர்க்கோ தீங்காகலாம். ‘நாளுக்கு ஒரு மாத்திரை’ என்பது அளவு. ‘ஒரு இரண்டு மாத்திரை போடுங்கள்’ என்பது மதிப்பீடு. வீட்டில் முதியவர்க்கு மருந்துச் சீட்டைத் தமிழில் படித்துச் சொல்லும் மாணவர் இவ்வேறுபாட்டை உணர்ந்திருத்தல் வேண்டும். இலக்கணம் தேர்வுத்தாளோடு முடிவதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எதிர்மறையில் உம்மையோடு சேர்ந்தால் ‘ஒரு காசும் இல்லை’ என்று முற்றாக மறுக்கும். ஏகாரம் ஏறினால் ‘ஒரே மழை’ என்று ஓயாமையைக் காட்டும். 2006 திசம்பரில் செகாமாட் வட்டாரம் வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்டவர்க்கு அத்தொடரின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. ‘ஒரு வழியாக வேலை முடிந்தது’ என்பதில் பட்ட பாடு ஒலிக்கிறது. ‘ஒரு மாதிரி’ என்பதில் ஐயம் நிழலாடுகிறது. ‘இதுவும் ஒரு வேலையா?’ என்பதில் இகழ்ச்சியும், ‘அப்படியோர் அழகு!’ என்பதில் வியப்பும் உள்ளன. ‘ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள்’ என்று அழைக்கும் இல்லத்தரசி ஒரு கவளத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. அங்கே ‘ஒரு’ என்பது அன்பின் அளவு. இவற்றுள் பலவற்றை ஆங்கில ‘ஏ’ கொண்டு அப்படியே பெயர்க்க இயலாது.

மாணவர்க்கு மேலும் இரு குறிப்புகள். ‘ஒருவன்’ என்பதன் பெண்பால் ‘ஒருத்தி’; ‘ஒருவள்’ அன்று. ‘ஒருவர்’ ஆண், பெண் இருபாற்கும் பொது என்று தொல்காப்பியமே கூறுகிறது. ‘ஒவ்வொரு’ என்பதை அடுத்து ஒருமைப் பெயரே வரும்; ‘ஒவ்வொரு பள்ளியும்’ என்க, ‘ஒவ்வொரு பள்ளிகளும்’ என்னற்க.

ஆசிரியப் பெருமக்களே, தாளைத் திருத்தும்போது ஓர் எளிய சோதனையைக் கைக்கொள்ள வேண்டுகிறோம். ‘ஒரு’ என்பதை விரலால் மறைத்துத் தொடரைப் படியுங்கள். பொருள் குறையவில்லையெனில் அதனை நீக்குங்கள். எண்ணோ, அறிமுகமோ, உணர்ச்சியோ குறைந்தால் அதனைக் காத்திடுங்கள். மாணவரையும் அவ்வாறே மறைத்துப் படிக்கச் செய்யுங்கள். நாளை அவர் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஏ’ எங்கே இன்றியமையாதது என்பதும் அவர்க்கு அதனால் விளங்கும். தன் மொழியின் இயல்பை அறிந்தவரே பிறமொழியின் இயல்பையும் மதிப்பர்.

நாள்தோறும் நம் நாவில் நூறு முறை வந்து போகும் சிறு சொல் இது.