பார்வையற்ற துப்பறிவாளர்



துப்பறியும் கதைகளை விரும்பிப் படிப்போர்க்கு ஷெர்லொக் ஹோம்ஸ் உற்ற நண்பர். அவருடைய கதைகள் யாவற்றையும் படித்து முடித்தபின், இனி யாரை நாடுவது என்று நூல்நிலையத்திலே தயங்கி நிற்கும் வாசகர் பலர். அத்தகையோர் கண்ணில் எளிதிற் படாத கதைவரிசை ஒன்று ஆங்கிலத்தில் உண்டு. அதன் நாயகர் மக்ஸ் கரடோஸ். அவரைப் படைத்தவர் ஏர்ணஸ்ட் பிராமா என்னும் ஆங்கில எழுத்தாளர் (1868-1942). சிறுகதைத் தொகுதிகள் மூன்றும் 1914, 1923, 1927 ஆம் ஆண்டுகளிலும், நாவல் ஒன்று 1934 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன.

துப்பறிவோர்க்கு வேண்டிய கருவி யாது என வினவினால், கூரிய கண் என்றே எவரும் விடை கூறுவர். கரடோஸோ இரு கண்களிலும் பார்வை இழந்தவர். குதிரை மீது செல்லுகையில் மரக்கிளை தாக்கியதனால் வந்த இழப்பு அது. அவர் பெருஞ் செல்வர். பழங்காசுகளைச் சேர்ப்பதில் ஈடுபாடு மிக்கவர். துப்பறிதல் அவருக்குப் பிழைப்பன்று.

முதற் கதையில், கார்லைல் என்னும் தனியார் துப்பறிவாளர் பழைய கிரேக்க வெள்ளிக்காசு ஒன்றைச் சோதிப்பதற்காக அவரிடம் வருகிறார். வந்தவர் தம் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்பவர். ஆயினும், குரலைக் கேட்டதுமே அவர் தம் பள்ளித் தோழர் என்பதைக் கரடோஸ் அறிந்துகொள்கிறார். கார்லைலோ, எதிரில் அமர்ந்து உரையாடியும், கரடோஸுக்குப் பார்வையில்லை என்பதை அவரே சொல்லும் வரை உணரவில்லை. காசு போலியானது என்பதைக் கரடோஸின் விரல்கள் கண்டுபிடித்து விடுகின்றன.

கரடோஸின் பணியாளர் பார்க்கின்சன். வந்தவரின் உடை, நடை யாவற்றையும் ஒன்றும் விடாது பார்த்து ஒப்புவிப்பார்; ஆனால் அவற்றின் பொருளை ஆராயார். பார்ப்பது ஒருவர், அறிவது மற்றொருவர். காட்சி வேறு, அறிவு வேறு என்பதே இக்கதைகளின் அடிப்படை.

மற்றொரு கதையில் புகைவண்டி விபத்து ஒன்று நிகழ்கிறது. கைகாட்டியிற் பச்சை விளக்கையே கண்டதாகச் சாரதி சாதிக்கிறார். சிவப்பு விளக்கே எரிந்தது என்று கைகாட்டிக்குப் பொறுப்பானவர் சாதிக்கிறார். இருவரும் பொய்யர் அல்லர். கண்ணுள்ளோர் இருவரின் முரண்பட்ட சாட்சியத்தை அவிழ்ப்பவர் கண்ணில்லாதவர். விடையை இங்கே கூறினால் படிப்போரின் இன்பம் கெடும்.

இவை வெறுங் கற்பனையோ என்று ஐயுறலாம். 1754 ஆம் ஆண்டு முதல் இலண்டன் போ வீதியில் நீதவானாயிருந்த சேர் ஜோன் பீல்டிங் பார்வையற்றவர். மூவாயிரம் குற்றவாளிகளைக் குரலாலேயே அவர் அறிவார் என்று அக்காலத்தார் கூறினர். 1711 ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே கணிதப் பேராசிரியரான நிக்கலஸ் சோண்டர்சன், குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோயாற் பார்வை இழந்தவர்.

எனினும், கதைகளிற் குறையும் உண்டு. செய்தித்தாளின் எழுத்தையும் கரடோஸ் விரலாற் தடவி வாசிப்பது மிகையே. பார்வையிழந்தோர்க்கு மாயப் புலன் எதுவும் வாய்ப்பதில்லை. அவர்களுக்குக் கைகொடுப்பவை பயிற்சியும் கவனமுமே. கரடோஸிடம் இருந்த செல்வமும் பணியாளரும் எல்லோர்க்கும் கிட்டுவனவும் அல்ல.

ஆயினும், இக்கதைகள் ஒரு நன்மை செய்கின்றன. பார்வையற்றவர் ஒருவர் அலுவலகத்துக்கோ கடைக்கோ வந்தால், அவரிடம் கேட்கவேண்டியதை உடன் வந்தவரிடம் கேட்பது பலரது வழக்கம். "இவருக்கு என்ன வேண்டும்?" என்று அவர் செவிபடவே கேட்கிறார்கள். அது இரக்கம் போலத் தோன்றினும், உண்மையில் அவமதிப்பே. கரடோஸை அறிந்த வாசகர், அடுத்த முறை அவரையே நோக்கி, "ஐயா, தங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பாராயின், பொழுதுபோக்குக்காகப் படித்த கதை பெரும் பயன் தந்ததாகும்.