ஒரு வாய் தண்ணீர் கொடுக்கும் முன்



வீட்டில் ஒருத்தருக்கு வாய் கோணி, கை கால் விழுந்துட்டா நாம முதலில் என்ன செய்வோம்? ஒரு வாய் தண்ணீர் கொடுப்போம். ஸ்ரீரங்கத்தில் என் பாட்டிக்கு நான் பெருமாள் தீர்த்தம் கொடுத்தேன். இருமினாங்க. புரை ஏறிடுச்சுன்னு தலையைத் தட்டினேன். மூணாம் நாள் மூச்சுத் திணறல். டாக்டர் நிமோனியா என்றார். பாட்டி பிழைக்கவில்லை.

பக்கவாதம் தொண்டையையும் பாதிக்கும். விழுங்குவது நுரையீரலுக்குள் போகலாம். சிலருக்கு இருமல்கூட வராது. அதனால் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வேண்டாம். தீர்த்தத்தை நெற்றியில் தெளியுங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரியில், அது நம்ம திருச்சி பெரியாஸ்பத்திரியானாலும் சரி, "விழுங்கிப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். நோயாளியை நிமிர்ந்து உட்கார வைத்து, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்துப் பார்ப்பார்கள். இருமினாலோ, குரல் கரகரத்தாலோ வாய்வழியாக எதுவும் தரமாட்டார்கள். மூக்குக்குழாய் வைத்தால் பயப்படாதீங்க. பலருக்குச் சில வாரங்களில் விழுங்கும் சக்தி திரும்பிவிடும்.

கேட்பது நம் உரிமை. அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். வராத உறுப்பினர் வீட்டுக்கும் போய்ச் சொல்லுங்கள்.