மறுமுனையில் யார்?

(கடலோரச் சிற்றூர்ப் படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



படிப்பக விழா என்றதும் பைந்தமிழின் பெருமை பேசுவான், பழங்கதையின் அருமை பேசுவான் என்று எண்ணி வந்திருப்பீர்கள். நான் பேச வந்திருப்பது தொலைபேசி எண்ணைப் பற்றி! சிரிக்கிறீர்கள். ஆனால், இந்தக் கூட்டத்திலே மகனைத் துபாய்க்கு அனுப்பிய தாய் இருக்கிறார்; கணவனைக் குவைத்துக்கு அனுப்பிய மனைவி இருக்கிறார். அவர்கள் சிரிக்கவில்லை. நள்ளிரவில் மணி ஒலித்தால் நெஞ்சம் எப்படி நடுங்கும் என்பதை அறிந்தவர்கள் அவர்கள்.

நாடகக்காரன் நான். ஆகவே ஒரு காட்சி சொல்கிறேன். இடம், பாலைவன நாட்டிலே ஒரு மாளிகையின் சமையற்கட்டு. நேரம், நள்ளிரவு. நம் ஊர்ப் பெண் ஒருத்தி நிற்கிறாள். ஏழு மாதமாகச் சம்பளம் இல்லை. பாஸ்போர்ட்டோ எசமானின் பெட்டியிலே! ஒளித்துவைத்திருந்த கைப்பேசியை எடுக்கிறாள், எண்களை அழுத்துகிறாள். மறுமுனையிலே அரபியில் ஒரு குரல். "ஐயா, நான்..." என்கிறாள். மீண்டும் அரபி. அழுகிறாள். தொடர்பு அறுகிறது. திரை!

கற்பனைதான் தோழர்களே, ஆனால் காற்றிலே கட்டிய கற்பனையல்ல. மணிமேகலையிலே சாதுவன் கதை வருகிறதே, நினைவிருக்கிறதா? கலம் கவிழ்ந்தது, ஒடிந்த பாய்மரத் துண்டைப் பற்றியவன் நாகர் மலையிலே ஒதுங்கினான். களைத்துக் கிடந்தவனைத் தின்னவே சூழ்ந்தனர் நாகர். அவனைக் காத்தது வாளா? வேலா? பொருளா? இல்லை. அவர்கள் மொழி அவனுக்குத் தெரிந்திருந்தது! பேசினான், பிழைத்தான். அந்நிய மண்ணிலே ஆபத்து வந்தால் மொழியே முதல் கேடயம் என்று அன்றே கண்டவர்கள் நாம். கண்டவர்கள் செய்தது என்ன என்பதுதான் இன்றைய கேள்வி.

கூப்பிட்ட குரலுக்கு உதவி வரவேண்டும் என்ற ஏற்பாடு எளிதிலே பிறந்துவிடவில்லை. 1935 நவம்பரில், இலண்டன் மாநகரிலே, விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றியது. எதிர்வீட்டார் தொலைபேசியை எடுத்தார். இணைப்பகத்திலே வரிசை, காத்திருக்க நேர்ந்தது. தீ காத்திருக்கவில்லை. 5 பெண்கள் மாண்டனர். வெகுண்டெழுந்தவர் பத்திரிகைக்கு எழுதினார், விசாரணை நடந்தது, 1937 ஜூன் 30 அன்று 999 என்ற அவசர எண் இலண்டனிலே பிறந்தது. ஐந்து உயிர்களின் சாம்பலிலே முளைத்த எண் அது!

சொந்த நாட்டானுக்கு எண் கிடைத்தது. வந்தவனுக்கு? அமீரகத்திலே தீயணைப்புக்கு 997, சிங்கப்பூரிலே 995, ஜப்பானிலே 119, குவைத்திலே 112. வீடு எரியும்போது எந்த நாட்டுக்கு எந்த எண் என்று ஏட்டைப் புரட்டிக்கொண்டிருக்க முடியுமா? இந்தத் தொல்லையை உணர்ந்துதான், எல்லை தாண்டிப் பயணம் செய்வோருக்காக, 112 என்ற ஒரே எண்ணை 1991-இல் ஐரோப்பியச் சமூகம் முடிவு செய்தது. இந்தியாவிலும் 2019 முதல் 112 பரவிற்று. நல்லதே. ஆனால், எண் ஒன்றாகிவிட்டால் குரலும் ஒன்றாகிவிடுமா? கதவு திறக்கிறது, உள்ளே இருப்பவர் பேச்சு விளங்கவில்லையென்றால், கதவு திறந்தும் பயனென்ன?

2024 ஜூன் 12. குவைத்தின் மங்காஃப் பகுதி. தொழிலாளர் தங்கியிருந்த அடுக்குமாடியின் தரைத்தளத்திலே விடியற்காலை பற்றியது தீ. உறங்கியவர்கள் புகையிலே மூச்சடைத்து மாண்டனர். இரண்டு நாள் கழித்து 45 இந்தியர்களின் உடல்களைச் சுமந்து விமானம் கொச்சியில் இறங்கியது. அவர்களில் 7 பேர் தமிழர். தூதரகம் உதவி எண்ணை அன்றே அறிவித்தது, குறை சொல்லவில்லை. மகன் இருக்கிறானா, இல்லையா என்று துடித்த தாய்க்கு அந்த எண் தேவைதான். ஆனால் தோழர்களே, தீக்குப் பின்னே வரும் எண் இருப்பவரைத் தேடத்தான் உதவும். ஆபத்துக்கு முன்னே கையில் இருக்கும் எண்ணல்லவா உயிர் காக்கும்?

"தூதரகம் இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?" என்று கேட்பார் உண்டு. கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவனல்லன். ஆனால் படிப்பகத்திலே படித்தவன்! 1963-இல் வியன்னாவிலே தூதரக உறவுகள் பற்றிய ஒப்பந்தம் உருவாயிற்று. அதன் 36-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? அயல்நாட்டான் கைதானால், உன் நாட்டுத் தூதரகத்தோடு தொடர்பு கொள்ளும் உரிமை உனக்கு உண்டு என்பதை அவனிடம் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவைப் பாகிஸ்தான் மீறிற்று என்று, ஜாதவ் வழக்கிலே, 2019 ஜூலை 17 அன்று தி ஹேக் நகரப் பன்னாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்காடி வென்றது இந்திய அரசு! வாழ்த்துகிறோம். வாழ்த்திவிட்டுக் கேட்கிறோம்: ஒருவருக்காக ஹேக் வரை சென்ற அரசே, ஒட்டகம் மேய்க்கும் எங்கள் ஊர்ப்பிள்ளைக்காக, அவன் பேசும் மொழியிலே ஒரு குரலை அமர்த்தலாகாதா?

பணமில்லை என்பார்களோ? 2009-இல் வெளிநாடுவாழ் இந்தியர் நலநிதி தொடங்கப்பட்டது. அதன் ஊற்று எது? தூதரகப் பணிகளுக்காக அங்கே வாழ்வோர் செலுத்தும் கட்டணத்தோடு சேர்த்துப் பெறும் சிறுதொகை! பாஸ்போர்ட் புதுப்பிக்க வரும் கொத்தனாரும் கொடுக்கிறார், சமையற்காரரும் கொடுக்கிறார். அவர்கள் வியர்வையிலே விளைந்த நிதி அது. ஆகவே உதவி கேட்பவன் பிச்சை கேட்கவில்லை. தான் போட்ட பணத்துக்குப் பலன் கேட்கிறான்!

செய்ததை மறைக்க மாட்டோம். கேரளம் 1996-லேயே வெளிநாடு சென்றோருக்கென்று தனித்துறை கண்டது. துபாயிலே 2010-இல் இந்தியத் தொழிலாளர் உதவி மையம் எழுந்தது. 2015-இல் 'மதாத்' என்ற இணையவழி முறையீட்டு ஏற்பாடு வந்தது. அயலகத் தமிழருக்கென்று தமிழகத்திலும் உதவி எண் உண்டாயிற்று. இத்தனை இருந்தும், விசாவைக் கையிலே கொடுக்கும் ஏஜெண்டு இவற்றிலே ஒன்றையேனும் சொல்லி அனுப்புகிறானா? சொல்ல மாட்டான். ஆகவே சொல்ல வேண்டியவர்கள் நாம்.

இன்னொன்று. ஆபத்து என்பது தீயும் விபத்தும் மட்டுமல்ல; தனிமையும் ஆபத்துத்தான். துயருற்றோர் பேசுவதற்கென்றே 1953-இல் இலண்டனிலே ஒரு பாதிரியார் தொலைபேசிப் பணி தொடங்கினார். டோக்கியோவிலே 1973 முதல், ஆங்கிலம் பேசும் அயல்நாட்டாருக்கென்று அத்தகைய உதவி நடக்கிறது. ஆங்கிலம் பேசுவோன் மனம் நொந்தால் கேட்க ஆள் உண்டு. தமிழ் பேசுவோன் மனம் மட்டும் இரும்பா?

ஆகவே நம் கோரிக்கை மூன்று. புறப்படும் ஒவ்வொருவர் கையிலும், செல்லும் நாட்டின் அவசர எண்களும் தூதரக எண்ணும் தமிழில் அச்சிட்ட அட்டை இருக்க வேண்டும். மறுமுனையிலே இரவும் பகலும் தமிழ் கேட்க வேண்டும். நமக்கு மட்டுமல்ல, தெலுங்கருக்குத் தெலுங்கும் ஒடியருக்கு ஒடியமும் கேட்க வேண்டும். வந்த அழைப்பு ஏட்டிலே ஏற வேண்டும். ஏறியது தீரும்வரை பதில் வர வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்பதா? கூடாது. இந்தப் படிப்பகத்திலே நாளையே ஒரு குறிப்பேடு திறவுங்கள். இவ்வூரிலிருந்து யார் போனார், எந்த நாடு, எந்தக் கம்பெனி, தங்குமிடம் எது என்று எழுதுங்கள். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றை வீட்டிலே வைக்கச் சொல்லுங்கள். எண்களை எழுதிக் கொடுங்கள். தாய்மாரை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். அந்த ஏட்டைப் பொறுப்பானவர் காக்கட்டும். பிறர் கைக்குப் போக விடாதீர்கள். கொடி கட்டும் தோழனுக்கு இது சிறு வேலை. கடலுக்கு அப்பாலுள்ளவனுக்கு இது உயிர்க்கயிறு.

முதற்காட்சியை மீண்டும் எழுத ஆசைப்படுகிறேன். அதே சமையற்கட்டு. அதே நள்ளிரவு. அதே பெண் எண்களை அழுத்துகிறாள். மறுமுனையிலே ஒரு குரல்: "வணக்கம். பயப்படாதீர்கள் அம்மா, சொல்லுங்கள். எந்த ஊர் நீங்கள்?"

அந்த ஒரு வரியை அரங்கேற்றுவது என்னைப்போன்ற நாடகக்காரனால் ஆகாது தோழர்களே. உங்களால் ஆகும்!