டோன் கொடுங்க!

(நம் சங்கத்தின் மகளிர் தின விழாவில், ஓய்வுபெற்ற அலுவலகக் கண்காணிப்பாளரான நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"மேடம், பத்து நிமிஷம் சிரிக்கச் சிரிக்கப் பேசுங்க" என்றார் செயலாளர். முப்பது வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டியவளிடம் சிரிப்புக்கா பஞ்சம்?

தொண்ணூறுகளில் எங்கள் ஆபீஸுக்கு ஃபேக்ஸ் மெஷின் வந்தது. பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், காகிதத்தின் நகலை டெலிபோன் லைன் வழியாக அனுப்பும் பெட்டி அது. எதிர்முனைக்கு போன் போட்டு "டோன் கொடுங்க" என்று கேட்க வேண்டும். கீச்சென்று ஒரு சத்தம் வரும். அதன் பிறகுதான் அனுப்ப முடியும்.

அப்புறம் நடக்கும் பேச்சு இருக்கிறதே!

"சார், உங்களுது பாதிதான் வந்திருக்கு."

"முழுசாத்தானே விட்டேன் மேடம்?"

"நடுவுல நின்னுடுச்சு. இன்னொரு தடவை முயற்சி பண்ணுங்க."

பேசிய இருவருக்கும் கொட்டேஷனைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. பக்கத்து மேஜைக்காரர்தான் ஃபைலால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குவார். ஒருநாள் எங்கள் மேனேஜர், "எவ்வளவு நேரமா கேக்கறேன், யாரும் எனக்கு டோனே கொடுக்க மாட்டேங்கறாங்க!" என்று ஹாலே அதிரக் கத்தினார். அன்று மதியம் வரை யாருக்கும் வேலை ஓடவில்லை.

இரட்டை அர்த்தம் நமக்கொன்றும் புதிதல்ல. பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவில் அடக்கிய காளமேகப் புலவரின் வாரிசுகள் நாம். சிலேடையை நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் எங்கள் ஆபீஸில் புதிதாக ஒரு டைப்பிஸ்ட் பெண் சேர்ந்தாள். அவள் ஃபேக்ஸ் பக்கம் போனாலே ஒருவர் கூடவே போய் நிற்பார். "மெதுவா உள்ளே விடும்மா, பழக்கமில்லையா?" என்பார். அவளும் முதல் வாரம் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. பிறகு ஃபேக்ஸ் பக்கமே போகவில்லை. கடைசியில் வேறு கிளைக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டாள். அந்த ஆளின் பேச்சுக்கு நானும் சிரித்திருக்கிறேன். இன்றுவரை உறுத்துவது அதுதான்.

அப்போது முறையிடத் தனிச் சட்டம் இல்லை. 2013-இல் வந்தது. பாலியல் சாயல் கொண்ட பேச்சும் அதன்படி பாலியல் துன்புறுத்தல்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு அமைக்க வேண்டும். நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. அவர்கள் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? நம் அசோசியேஷன் ஆபீஸிலும் ஒரு பிரிண்டர் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருக்கிறாள். பார்க்கிங் ஸ்டிக்கர் வாங்கப் போன ஒருவர், பேப்பர் மாட்டிக்கொண்டதை வைத்து ஒரு ஜோக் அடித்தாராம். அவள் சம்மதத்தோடுதான் சொல்கிறேன். அவர் யாரென்று கேட்காதீர்கள், இதே ஹாலில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். நம் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் எல்லாரையும் எண்ணினால் பத்தைத் தாண்டும். அந்தக் குழுவை இந்தக் காலாண்டிலேயே அமைத்துவிடுங்கள் என்று செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மற்றபடி, தாராளமாகச் சிரியுங்கள். ஃபேக்ஸ் சொல்லிக்கொடுத்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எதிர்முனையில் டோன் வரவில்லையா, போனை வைத்துவிடுங்கள்.