மருந்தளிக்கும் கையும் வினவும் உரிமையும்



இக்கருத்தரங்கின் தலைமைப் பீடத்தில் ஆராய்ச்சி வல்லுநர் ஒருவரை அமர்த்தாமல், முப்பது ஆண்டுகாலம் வார்டுகளில் மருந்துத் தட்டு ஏந்தி நடந்த என்னை அமர்த்தியிருக்கிறீர்கள். ஆகவே தட்டு ஏந்தியவளுக்குத் தெரிந்ததையே பேசுகிறேன்.

மருந்து அதிகாரத்தை முடிக்கும் 950ஆம் குறளில், நோயாளி, வைத்தியர், மருந்து என்ற மூன்றோடு நில்லாமல், அருகிருந்து மருந்து கொடுக்கும் உழைச்செல்வானையும் நான்காவது கூறாக வள்ளுவர் சேர்த்தார். நம் சட்டங்களோ அந்த நான்காமவர்மீது அவ்வளவு கவனம் செலுத்தவில்லை. 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டமும் 1945ஆம் ஆண்டு விதிகளும் மருந்தைச் செய்வோரையும் விற்போரையும் நுணுக்கமாகக் கட்டுப்படுத்துகின்றன; 1926இன் சென்னை மாகாணச் செவிலியர் சட்டம், 1947இன் இந்தியச் செவிலியர் கவுன்சில் சட்டம், அதன் ஸ்தானத்தில் 2023இல் வந்த ஆணையச் சட்டம் ஆகியவை பெரும்பாலும் கல்வியையும் பதிவையுமே நோக்குகின்றன. எழுதப்பட்ட கட்டளை சந்தேகத்துக்கு இடமானால், நள்ளிரவில் தனித்து நிற்கும் செவிலி என்ன செய்வது என்பது அந்தந்த மருத்துவமனையின் வழக்கத்துக்கே விடப்பட்டிருக்கிறது.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அது மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்ற இரு வீரியங்களில் கிடைக்கிறது. முன்னதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு, பின்னதற்கு ஆரஞ்சு. மங்கிய விளக்கொளியில் இவ்விரு நிறங்களையும் வேறுபடுத்தச் சொன்ன புண்ணியவான் நைட் டூட்டி பார்த்தவராக இருக்க முடியாது! 100 வீரியத்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் ஏற்றினால், 10 யூனிட் என்று நாம் எண்ணிச் செலுத்துவது 25 யூனிட்டாகிவிடும். இது போதாதென்று, எண்ணையடுத்து ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தை அவசரத்தில் சுழித்தால் அது பூஜ்யமாகத் தோன்றும்.

அப்படியொரு சுழிப்பை நான் இளம் செவிலியாக இருந்தபோது கேஸ் ஷீட்டில் கண்டேன். 100 என்று படித்தேன், மனம் ஒப்பவில்லை, உறங்கும் மருத்துவரை எழுப்பலாமா என்று கால்மணி நேரம் தயங்கி, பிறகு எழுப்பினேன். கடிந்துகொண்டே வந்தவர், தாளைப் பார்த்ததும் மௌனமாகத் திருத்திவிட்டுப் போனார். நோயாளி பிழைத்தார். எனினும் அந்தக் கால்மணி நேரத் தயக்கம் எதனால் விளைந்தது? வினவுவது என் கடமை என்று எந்த விதியிலும் எனக்கு யாரும் காட்டியிருக்கவில்லை.

வினவுவதற்கும் அப்பால், இங்கிலாந்தில் 2006 முதல், தனிப் பயிற்சி பெற்ற செவிலியர் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் தாமே எழுதலாம். இங்கும் 2014இல், பச்சிளம் சிசுவுக்குக் கிருமித் தொற்று கண்டால் ஜென்டாமைசின் ஊசி போடக் கிராமத் துணைச் செவிலியருக்கு மத்திய அரசின் வழிகாட்டுதல் இடமளித்தது. மருந்து எழுதும் அதிகாரம் பற்றி நீங்கள் விவாதிப்பீர்கள், விவாதியுங்கள். எனக்கு அதில் அவசரமில்லை. ஐயமுள்ள கட்டளையை, விளக்கம் கிடைக்கும்வரை நிறுத்திவைக்கும் செவிலியைத் தண்டிக்கலாகாது என்பதையும், தொலைபேசிக் கட்டளையைச் செவிலி திருப்பிச் சொல்லி உறுதிசெய்ய, மருத்துவர் அதில் குறிப்பிட்ட நேரத்துக்குள் கையொப்பமிட வேண்டும் என்பதையும் ஒவ்வொரு மருத்துவமனையும் எழுத்தில் வைக்கக் கோரும் தீர்மானத்தை, இன்று மாலை அமர்வு முடிவதற்குள் வரைந்து தருமாறு வேண்டி, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.