ஒளிவட்டம் எங்கே போயிற்று?

படத்தில் குறை நேர்ந்தால் அது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். மோஷன் கிராபிக்ஸ் தொழிலில் ஈடுபட்டுள்ள எங்களுக்கு, அது எவ்வளவு தவறான எண்ணம் என்பது ஓர் இரவில் விளங்கியது.

ஓர் ஆவணப் படத்துக்குத் தலைப்பு எழுத்துக்களை அமைத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தோம். கருநீல வானில் எழுத்துக்கள் ஒவ்வொன்றாக எழுந்து, அகல் ஏற்றினாற்போல ஒளிவட்டம் சூழ நிற்கவேண்டும். எங்களுடன் பணியாற்றும் இளைஞர் ஒருவர் பத்து நாட்கள் உழைத்து அதை முடித்தார். கடைசி நாள் இரவு, வேகம் மிகுந்த புதிய கணினியில் கோப்பைத் திறந்து, ரெண்டருக்கு இட்டுவிட்டு வீடு சென்றோம். காலையில் வந்து பார்த்தால் வானம் இருந்தது, எழுத்துக்கள் இருந்தன, ஒளிவட்டத்தை மட்டும் காணோம். மாலையில் திரையிடல். "தம்பி, யாரைக் கேட்டு அதை எடுத்தாய்?" என்று அவரைக் கடிந்துகொண்டோம். தாம் எடுக்கவில்லை என்றார். நாங்கள் நம்பவில்லை.

அந்த ஒளிவட்டம் ஒரு பிளகின் செய்கிற வேலை. தமிழில் செருகுநிரல் என்கிறோம். நாங்கள் கையாளும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற மென்பொருள், அமெரிக்காவில் ராட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் பிறந்து 1993-ல் வெளிவந்தது. ஆல்டஸ் நிறுவனத்தின் கைக்குப் போய், 1994-ல் அடோபி நிறுவனத்தின் உடைமையாயிற்று. தாய் மென்பொருளில் இல்லாத வித்தைகளை வேறு நிபுணர்கள் எழுதி, அதனுடன் செருகிக்கொள்ளும்படி அளிக்கிறார்கள். மென்பொருள் ஒருவருடையது, செருகுநிரல் இன்னொருவருடையது, கணினி மூன்றாமவருடையது. இம்மூன்றில் ஒன்று மாறினாலும் மற்ற இரண்டுக்கும் பிணக்கு உண்டாகக்கூடும்.

2010-ல் இந்த மென்பொருள் 64 பிட் முறைக்கு முற்றிலும் மாறியபோது, பழைய 32 பிட் செருகுநிரல்கள் யாவும் ஒரே நாளில் பயனற்றுப் போயின. ஆப்பிள் நிறுவனம் 2020-ல் தன் சொந்தச் சில்லுக்கு மாறிற்று. 2022-ல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் அதற்கேற்ப அமைக்கப்பட்டது. இன்டெல் சில்லுக்கு மட்டும் எழுதப்பட்டிருந்த செருகுநிரல்களை அந்தப் புதிய அமைப்பு ஏற்கவில்லை. எங்களுக்கு நேர்ந்ததும் இதுவே. பழைய கணினி இன்டெல், புதியது ஆப்பிள் சில்லு.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. ஒரு படத்துண்டின் கோப்பு காணாமற்போனால், அதனிடத்தில் வண்ணப் பட்டைகளை நிறுத்தி இம்மென்பொருள் கூக்குரலிடும். செருகுநிரல் காணாமற்போனாலோ, கோப்பைத் திறக்கும்போது ஒரு முறை அறிவிப்புக் கட்டம் வரும், அவ்வளவுதான். பிறகு அந்த எஃபெக்ட் இல்லாமலே படத்தை ஒழுங்காக எழுதி முடித்துவிடும். அந்தக் கட்டம் அன்றிரவும் வந்தது. படிக்காமல் 'சரி' என்று அழுத்தியவர்கள் நாங்களே.

வழி எளிது. இன்டெல் நிரல்களை மொழிபெயர்த்து இயக்கும் ரோசெட்டா என்ற ஏற்பாட்டின் மூலம் மென்பொருளை மீண்டும் திறந்தோம். ஒளிவட்டம் முன்பிருந்த அளவுகளுடன் வந்து நின்றது.

எல்லாக் கோளாறும் இவ்வளவு தெளிவாகப் பிடிபடுவதில்லை. செருகுநிரல் இருக்கிறது, ஆனால் படம் சரியாக வரவில்லை என்ற புகாரே அதிகம். அப்போது நாங்கள் முதலில் செய்வது, கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, புதிய காம்போசிஷனில் ஒரு சாதாரண வண்ணத் தளத்தின்மேல் அந்த எஃபெக்டை மட்டும் இட்டுப் பார்ப்பது. அங்கே அது செவ்வனே இயங்கினால், குற்றம் பெரும்பாலும் நாம் அதைப் பயன்படுத்திய முறையில்தான் இருக்கும். நீரலைபோல் படத்தை நெளியச் செய்யும் டிஸ்பிளேஸ்மென்ட் மேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது வேறொரு லேயரின் வெளிச்சத்தைப் பார்த்துப் படத்தை நகர்த்துகிறது. ஆனால் அந்த லேயரின் மூல வடிவத்தைப் பார்க்கும்படி விட்டிருந்தால், அதன்மேல் நாம் ஏற்றிய அலைக்கோலம் அதன் கண்ணுக்குப் படாது. வெறும் வண்ணத் தளம்தான் தெரியும், நீரும் அசையாது. எஃபெக்டுகளுடன் பார் என்ற தெரிவை மாற்றிவிட்டால் போதும். இதை அறியாமல் செருகுநிரலை மூன்று முறை நீக்கி நிறுவியவர்களை நாங்கள் அறிவோம்.

வரிசையும் முக்கியம். எஃபெக்டுகள் மேலிருந்து கீழாகச் செயற்படுகின்றன. 8 பிட் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே. 32 பிட் முறையில் வெள்ளைக்கு மேற்பட்ட பிரகாசத்தையும் வைத்திருக்கலாம், நல்ல ஒளிவட்டத்துக்கு அதுவே உயிர். இடையில் 8 பிட் மட்டுமே அறிந்த பழைய எஃபெக்ட் ஒன்று இருந்தால், அந்த மிகைப் பிரகாசத்தை அது வெட்டி எறிந்துவிடும், கீழேயுள்ள ஒளிவட்டம் சோகை பிடித்து நிற்கும். அத்தகைய எஃபெக்டின் பெயரருகே எச்சரிக்கைக் குறி தோன்றும். அதைக் கீழே தள்ளினால் பல சமயம் குறை தீரும்.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும், சொல்ல வெட்கமாக இருந்தாலும். எதைத் திருத்தினாலும் படம் மாறவில்லை என்று நாங்கள் அரை மணி நேரம் திண்டாடியதுண்டு. காரணம் விசைப்பலகையில் கேப்ஸ் லாக் அழுத்தப்பட்டிருந்தது! அது இருக்கும்வரை ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் படத்தைப் புதுப்பிக்காது. கீழே சிவப்புப் பட்டையில் எழுதியும் காட்டும். நாங்கள் அதையும் படிக்கவில்லை.

இப்போது வேலை முடிந்ததும், செருகுநிரல் சேர்ந்த பகுதியை மட்டும் ஒளி ஊடுருவும் விவரத்துடன் தனிப் படக் கோப்பாக எழுதி வைத்துவிடுகிறோம். பிறகு எந்தக் கணினியில் திறந்தாலும் செருகுநிரலின் தயவு வேண்டியதில்லை.

அன்று மாலைத் திரையிடலுக்குப் படம் நேரத்தோடு போய்ச் சேர்ந்தது. இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டோம். "பழைய கணினியை மட்டும் விற்றுவிடாதீர்கள் ஐயா" என்றார். அது இன்றும் எங்கள் கூடத்தின் மூலையில் இருக்கிறது.