கடல்கோளும் கல்லின் சான்றும்



ஆலத்தியூரில் நின்று கடலைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றதன்று. சிமெண்ட் ஆலைக்குச் செல்லும் இவ்வட்டாரச் சுண்ணாம்புக்கல், ஒரு காலத்தில் கடலடியில் படிந்த வண்டலே. அரியலூர்ப் பக்கத்து ஓடைகளில் கடல்வாழ் உயிர்களின் சுருள் ஓடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. சாத்தனூர்க் கல்மரமோ 18 மீட்டர் நீளமுடையது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையுடையது என்பர். 1940இல் அதனை முதன்முதல் அறிவித்தவர் நிலவியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன். கடல் கொண்ட நிலத்தைப் பாடும் நாம், கடல் மீளக் கொடுத்த நிலத்தில் வாழ்கிறோம்.

பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுள் மறைந்த செய்தியைச் சிலப்பதிகாரம் தருகிறது. 1864இல் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கிலேய விலங்கியலாளர், லெமூர் இனத்தை ஒத்த விலங்குகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருப்பதற்குக் காரணம் தேடி, இடையே ஒரு நிலப்பரப்பு மூழ்கியிருக்கலாம் எனக் கருதினார். அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். பின்னர் நம்மவர் இவ்விரண்டையும் ஒன்றாக்கினர். 1912இல் வேகனர், கண்டங்கள் மூழ்கவில்லை, விலகின என்றார். இவ்வழக்கில் யாரைச் சான்றுக்கு அழைப்பது?

சிர்க்கான் என்னும் சிறுமணியை அழைக்கலாம். மணவாளக்குறிச்சித் தாதுமணலிலும் அது உண்டு. பாறைக்குழம்பிலிருந்து அது படிகமாகும்போது யுரேனியத்தைச் சிறிது ஏற்கும்; ஈயத்தை ஏறக்குறைய முற்றிலும் விலக்கிவிடும். அந்த யுரேனியம் சிதைந்து சிதைந்து ஈயமாகும். யுரேனியம் 238இல் பாதி ஈயமாவதற்கு 447 கோடி ஆண்டுகள் செல்லும். எனவே மணியினுள் இருக்கும் ஈயத்தையும் எஞ்சிய யுரேனியத்தையும் அளந்தால், அது பிறந்த காலம் புலப்படும். ஆற்றில் உருண்டாலும் வேறொரு பாறையில் அகப்பட்டாலும், அந்த மணி தன் அகவையை எளிதில் இழப்பதில்லை.

அம்மணிகள் சொல்வது யாது? மதுரையைச் சூழ்ந்த பழம்பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கடும் வெப்பத்தில் வெந்து உருமாறியவை. இலங்கை, தென் மடகாஸ்கர், கிழக்கு அண்டார்க்டிகாவின் ஒரு பகுதி ஆகியவற்றின் பாறைகளும் அக்காலத்தையே காட்டுகின்றன. கிழிந்த ஏட்டின் துண்டுகளை வரி பார்த்துப் பொருத்துவது போல, அறிஞர் இவற்றைப் பொருத்திக் கோண்டுவானாப் பெருநிலத்தைக் காண்கின்றனர். மடகாஸ்கர் நம்மைப் பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது அரியலூர் நிலத்தின்மேல் கடல் இருந்தது.

இன்னொரு வியப்பு உண்டு. தமிழரும் குடியேறி வாழும் மொரீசியசுத் தீவு, எரிமலைக் குழம்பால் ஆனது. அதன் பாறைகளுக்கு ஏறத்தாழ 90 இலட்சம் ஆண்டுகளே அகவை. ஆனால் அதன் கடற்கரை மணலில் மிகப் பழைய சிர்க்கான்கள் கிடைத்ததாக 2013இல் ஆய்வாளர் அறிவித்தனர். காற்று கொணர்ந்ததாக இருக்கலாமே என ஐயம் எழுந்தது. 2017இல், பாறையினுள்ளேயே பொதிந்த மணிகள் 250 முதல் 300 கோடி ஆண்டுப் பழமையுடையவை என உறுதிப்பட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது சிதறிய நிலத்துண்டொன்று அத்தீவின் அடியில் புதைந்துள்ளது என்பது அவர்தம் முடிவு.

இதைக் கேட்டு, "குமரிக்கண்டம் கிடைத்துவிட்டது" என எழுதத் துடிக்கும் பேனாக்களை நான் அறிவேன். பொறுங்கள். அந்நிலம் பிரிந்த நாளில் மாந்தர் எவரும் இல்லை; நம் இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. அங்கே சங்கம் வைக்க ஆளேது? கடற்கரை மக்கள் கண்டு நடுங்கிய கடல்கோளின் நினைவு வேறு. கண்டங்கள் விலகிய கதை வேறு. முன்னதற்குப் பின்னதைச் சான்றாக்கினால், இரண்டும் பழுதாகும். பாட்டுக்குக் கல்லின் கையொப்பம் தேவையில்லை. கல்லும் நம் பெருமைக்காகப் பொய் சொல்லாது.

ஆதலின் கவிஞர்களே, கடல்கோளைப் பாடுங்கள். அதைப் பாட்டாகவே பாடுங்கள். நம் காலடிச் சுண்ணாம்புக்கல்லையும் பாடுங்கள். அதன் உண்மையும் ஒரு காப்பியத்திற்குக் குறைந்ததன்று.

வாழ்க தமிழ்!